ரெய்னோ கங்காஸின் கையெழுத்து

ஹார்லோ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள அறுபது மைல் சாலைக்கும் பனி தள்ளுகிற வேலை ரெய்னோ கங்காஸுடையது. மாவட்டத்தின் மஞ்சள் லாரியை முப்பத்தொரு வருடமாக அவர்தான் ஓட்டினார். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ஊர் கண்விழிக்கும்போது சாலை சுத்தமாக இருக்கும். மற்ற ஓட்டுநர்கள் போன வழியில் வீட்டுக்கு வீடு தபால் பெட்டி சாய்ந்து கிடக்கும். ரெய்னோ போன வழியில் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. இதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஊருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏரிக்கரையில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். சனிக்கிழமை சவ்னா என்கிற நீராவி அறையில் வியர்த்துவிட்டு ஏரியில் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், பிறகு சர்ச்சுக்குக் கீழேயுள்ள அடித்தளக் கூடத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து தண்ணீர் காபியைக் குடிப்பார். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வார், அதையும் யோசித்துத்தான் சொல்வார்.

ஊருக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருந்தது. ரெய்னோவுக்குப் படிக்க வராது.

சுத்தமாக வராது என்று சொல்ல முடியாது. சாலைப் பலகைகளும் மளிகைக் கடைச் சாமான்களின் பெயர்களும் கண்ணுக்குப் படம்போலப் பழகியிருந்தன. ஆனால் பக்கம் முழுக்க எழுத்தாக இருந்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவரைவிட நான்கு வயது இளையவளான தங்கை ஐலிதான் கண்டுபிடித்தாள், இவன் மக்கு இல்லை, எழுத்துதான் இவனுக்குப் பிடிபடவில்லை என்று. எட்டு வயதிலேயே அண்ணனின் வீட்டுப்பாடத்தை அவனுடைய கோணல் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள். வாகனச் சட்டப் புத்தகத்தை அவள் உரக்கப் படிக்கப் படிக்க அவர் மனப்பாடம் செய்துதான் ஓட்டுநர் உரிமம் வாங்கினார். மாவட்ட வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பியது அவள்தான். வருமான வரி, நில வரி, ஓய்வூதியத் தாள்கள் என்று பிறகு வந்த எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஒவ்வொன்றின் அடியிலும் அழகாகச் சுழித்து 'ரெய்னோ கங்காஸ்' என்று கையெழுத்துப் போடுவாள். ஒருமுறை அவசரத்துக்கு ரெய்னோ தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. அண்ணனும் தங்கையும் அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்கில் சிரித்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஐலியின் சமையலறை மேசைதான் அவருடைய அலுவலகம். ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்துவிட்டு அவள் தாள்களைப் பிரிப்பாள். "இது குப்பை, இது குப்பை, இதுக்குப் பணம் கட்டணும், இது ஏதோ தேர்தல்காரன் அனுப்பினது, அதுவும் குப்பை." பிறகு, அலைச்சல் எதற்கென்று, அவருடைய தபால் நேராகத் தன்னுடைய அஞ்சல் பெட்டிக்கே வரும்படி மாற்றிவிட்டாள். ரெய்னோவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. தபால்காரரைப் பார்த்தாலே அவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அந்தத் தொல்லை அன்றோடு போயிற்று.

2010 மார்ச்சில் அவருடைய பிக்கப் வண்டியின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கடியில் சாலை ஓடுவது தெரிந்தது. வேறொரு பழைய வண்டியை வாங்கப் பார்த்துவைத்தார். கையிருப்பு போக மூவாயிரம் டாலர் குறைந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கூட்டுறவு வங்கியில் இருபது வயதிலிருந்து பணம் போட்டு வருபவர் அவர். கடன் கேட்பது அதுதான் முதல் தடவை.

கடன் பிரிவில் இருந்த மேவிஸ் இரண்டு நாள் கழித்து அவரை வரச் சொன்னாள். ஐம்பது வயதுக்காரி. வேகமாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள், யாரைப் பற்றியும் வெளியே ஒரு வார்த்தை விடமாட்டாள்.

"கதவைச் சாத்திட்டு உக்காருங்க, ரெய்னோ."

"குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"உங்க பேர்ல ரெண்டு கிரெடிட் கார்டு இருக்கு. ரெண்டும் நிரம்பி வழியுது. ஒண்ணுக்கு நாலு மாசமா பணமே கட்டல."

"எனக்கு ஏது கார்டு?" என்றவர் சற்று நிறுத்தினார். "ஒண்ணு இருக்கு. படகு மோட்டாருக்கு ஒரு சாமான் வேணும்னு போன் பண்ணினா கார்டு இருந்தாத்தான் அனுப்புவோம்னாங்க. ஐலிகிட்ட சொன்னேன், வாங்கினா. எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கோன்னுட்டேன். ஏழு வருஷம் ஆச்சு."

"அது முதல் கார்டு. அதுல ஆறாயிரத்து நானூறு நிக்குது. ரெண்டாவது போன வருஷம் பிப்ரவரியில வாங்கினது. அதுல பன்னெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

கார்டு வங்கியிலிருந்து வரவழைத்த இரண்டு கணக்குத் தாள்களை மேவிஸ் அவர் பக்கம் தள்ளினாள். ரெய்னோ வழக்கமாகச் செய்வதையே செய்தார். தாளை எடுத்து, கண்ணை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டி, மனதுக்குள் இருபது எண்ணிவிட்டுத் தலையாட்டினார்.

மேவிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் படிக்கட்டுமா?"

அவருக்குக் காது சுட்டது. இவளுக்கு எத்தனை வருடமாகத் தெரியும் என்று யோசித்தார். பிறகு, "படி," என்றார்.

அவள் படித்தாள். வீட்டைச் சூடேற்றும் உலை ஒன்று. பல் வைத்தியர். பெட்ரோல், மளிகை, மறுபடி பெட்ரோல். வீட்டுக் கடனுக்கு மூன்று தவணை. ஐலியின் பேரக் குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குக் காலணிகள். வெயிலுக்காக ஃப்ளோரிடாவில் ஒரு வாரம். "டுலூத்ல ஒரு நாற்காலிக் கடை, அறுநூத்தி நாப்பது. அக்டோபர் மாசம்."

ரெய்னோ நிமிர்ந்தார். அக்டோபரில்தான் அவருக்கு அறுபது முடிந்தது. ஐலியும் அவள் கணவன் டுவேனும் சர்ச் அடித்தளத்துக்கே ஒரு சாய்வு நாற்காலியைச் சிவப்பு ரிப்பன் கட்டித் தூக்கிவந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பரிசை அவர் வாங்கியதில்லை.

"நல்ல நாற்காலி அது," என்றார். "எனக்கு நானே வாங்கிக்கிட்டேன் போல."

மேவிஸுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க," என்றாள். ரெய்னோவின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது.

அங்கிருந்தே மேவிஸ் கார்டு கொடுத்த வங்கிக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி ரிசீவரை அவரிடம் கொடுத்தாள். எந்த ஊரிலிருந்தோ ஓர் இளைஞனின் குரல், மரியாதையாகத்தான் பேசியது.

"முதல் கார்டை நீங்களேதான் சார் உங்க தங்கச்சிகிட்ட குடுத்து வெச்சிருக்கீங்க. ஒருத்தர்கிட்ட நீங்களா கார்டைக் குடுத்துட்டா, அவங்க எவ்வளவு செலவழிச்சாலும் அது உங்க பொறுப்புதான். குடுத்தது போதும், நிறுத்துங்கன்னு எங்ககிட்ட சொல்ற வரைக்கும்."

"சரி. ரெண்டாவது?"

"அது உங்களுக்குத் தெரியாம வாங்கினதுன்னா ஒரு சென்ட் கூட நீங்க கட்ட வேண்டாம். ஆனா போலீஸ்ல புகார் குடுக்கணும். எங்களுக்கும் சத்தியம் பண்ணி ஒரு படிவம் குடுக்கணும். அதுல ஒரு கேள்வி இருக்கும். இது உங்க அனுமதியோட நடந்ததா, ஆமாவா, இல்லையா. இல்லைன்னா யார் செஞ்சாங்கன்னு தெரியுமான்னு அடுத்த கேள்வி."

"தெரியாதுன்னு போடலாமா?"

"தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு போட்டா அது பொய்ச் சத்தியம் சார்."

"யார் பேரையும் சொல்ல வேணாம்னா?"

"அப்ப ஆமான்னு போடுங்க. மொத்தமும் உங்களோடது ஆயிடும்."

ரெய்னோ நன்றி சொன்னார். அவன் மேல் அவருக்குக் கோபமில்லை. அவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து நேராக ஐலியின் வீட்டுக்குப் போனார். அவள் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர். மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாள். சுரங்கத்தில் ஆட்குறைப்பு செய்தபோது டுவேனுக்கு வேலை போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று அவன் யாருக்கோ விறகு வெட்டப் போயிருந்தான்.

"முதல் ஞாயிறு இல்லையே இன்னிக்கு," என்றாள் ஐலி, ரொட்டியை அறுத்துக்கொண்டே.

"ரெண்டாவது கார்டு," என்றார் ரெய்னோ.

கத்தி நின்றது. அவள் திரும்பாமலே கேட்டாள். "யார் சொன்னா?"

"மேவிஸ் படிச்சுக் காட்டினா."

"மேவிஸா? அவகிட்ட போய்ச் சொன்னியா, உனக்கு..."

"நான் சொல்லல. அவளே கண்டுபிடிச்சிட்டா."

ஐலி உட்கார்ந்தாள். பிடிபட்டதைவிட, அண்ணனுக்கு இன்னொருத்தி படித்துக் காட்டினாள் என்பதே அவளை முதலில் சுட்டதுபோல இருந்தது. மேசையில் சிந்திக் கிடந்த ரொட்டித் துகளை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"டுவேனை ஜூன்ல கூப்பிடுவோம்னாங்க. அப்புறம் செப்டம்பர்னாங்க. உலை போயிடுச்சு. வீட்டுக் கடன்காரன் தினம் போன் பண்றான். கட்டிடலாம்னுதான் ஆரம்பிச்சேன் ரெய்னோ."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்ப. அதான் கேக்கல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ எதிர்ல உக்காந்து காபி குடிக்கறப்ப உன் மூஞ்சிய நான் பாக்கணுமே."

"இப்ப மட்டும் பாக்கலயா?"

"இப்ப உனக்குத் தெரியாதுல்ல."

ரெய்னோ வங்கிக்காரன் சொன்னதைச் சொன்னார். ஐலி கவனமாகக் கேட்டாள். அலுவலகக் காரியங்களில் அவளுடைய மூளை கத்தி மாதிரி. உடனே பதில் வைத்திருந்தாள்.

"ஆமான்னு போட்டுடு. மாசா மாசம் உன் கையில நான் குடுத்துடறேன். யோசிச்சுப் பாரு, நாப்பது வருஷமா உன் பேர நான்தானே எழுதறேன்? எந்தத் தாள்லயாவது நீ கையெழுத்துப் போட்டிருக்கியா? இப்பப் போய் அனுமதி குடுக்கலன்னா யாரு நம்புவா?"

"யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இருக்கு? என் பேர எழுதினா ஊராட்சியில அன்னிக்கே என்ன வெளிய அனுப்பிடுவாங்க. ஊர்ப் பணத்தைக் கையாள்ற உத்யோகம்." பிறகு குரல் மாறியது. "நீ மட்டும் என்ன? ஆயுசு பூரா படிக்கற மாதிரி வேஷம் போட்டவன்தானே. உன் வேஷத்தை நான் ஒருநாளாவது கலைச்சேனா?"

ரெய்னோ எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "என் தாளெல்லாம் குடு. இருக்கற பெட்டியோட குடு," என்றார். அவள் அலமாரியிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து வாசலில் வைத்தாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வரவில்லை. ஐலி எப்போதும் கதவை மெதுவாகத்தான் சாத்துவாள்.

ஒரு வாரம் லாரியில் உட்கார்ந்தபடியே ரெய்னோ இதைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'ஆமாம்' என்று போடவே மனம் சாய்ந்தது. பதினெட்டாயிரம் டாலரும் கட்ட முடியாத பணம் இல்லை. அறுபத்திரண்டில் ஓய்வு என்று நினைத்ததை அறுபத்தாறு ஆக்கினால் தீர்ந்துவிடும். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெயரை எழுதிக்கொள் என்று விட்டவர் அவர்தான். எதுவரைக்கும் என்று அவர் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. தங்கையா பணமா என்று வந்தால் அவருக்குக் கேள்வியே இல்லை.

வெள்ளிக்கிழமை மேவிஸ் போன் செய்தாள். பெட்டிகளை அவளிடம்தான் கொடுத்திருந்தார். வேலை முடிந்த பிறகு அவள் வங்கியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணு இருக்கு ரெய்னோ. வேறொரு வங்கியிலேர்ந்து. நீங்க கார்டு கேட்டு அனுப்பின விண்ணப்பத்தை எங்களால ஏத்துக்க முடியலன்னு எழுதியிருக்காங்க."

"எப்ப?"

"கடுதாசி மார்ச் ரெண்டாம் தேதி. போன வாரத்துக்கு முந்தின வாரம்."

"இன்னொரு தடவ படி."

அவள் மறுபடி படித்தாள். ரெய்னோ விரல்விட்டு எண்ணினார். உலை வாங்கியாயிற்று, பல் கட்டியாயிற்று, ஃப்ளோரிடா போய் வந்தாயிற்று. நான்கு மாதமாகத் தவணை கட்டாமல் போனபிறகும், போன மாதம்கூட, அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவருடைய பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதியிருக்கிறாள். 'ஆமாம்' என்று போட்டால் கடனை அவர் கட்டித் தீர்த்துவிடலாம், ஆனால் பேனா அவள் கையிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தார். "நாளைக்குக் காலைல ஷெரிஃப் ஆபீசுக்குப் போறேன். நீயும் வரியா? ரெண்டு பேருமா போனா நல்லா இருக்கும்."

ஐலி போனை வைத்துவிட்டாள்.

மாவட்டப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தில் டெனிஸ் வுகோவிச் என்ற அதிகாரி இருந்தாள். குளிர்கால விபத்துகளில் எத்தனையோ தடவை ரெய்னோவின் லாரிக்குப் பின்னால் தன் காரை ஓட்டிக்கொண்டு போனவள். அவரை உட்காரச் சொல்லி, ஒரு படிவத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். ரெய்னோ இரண்டையும் திருப்பித் தள்ளினார்.

"எனக்குப் படிக்க வராது. எழுதவும் வராது. முதல்ல அத எழுதிக்கோ."

டெனிஸ் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். அப்புறம் நானே படிச்சுக் காட்டறேன். ஒரு வார்த்தை தப்பா இருந்தாலும் நிறுத்துங்க."

அரை மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தார். இடையில் டெனிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதக் கேக்காம இருக்க முடியாது, ரெய்னோ. உங்க பேர்ல கையெழுத்துப் போட அவங்களுக்கு அனுமதி குடுத்தீங்களா?"

அவர் வழக்கம்போல யோசித்தார்.

"என் பேர எழுத விட்டேன். என்ன எழுதறான்னு எனக்குச் சொல்லிட்டு எழுதறப்ப. சொல்லாம எழுத விடல."

"முதல் கார்டு?"

"அது நான் குடுத்தது. அது என்னோடது. அத அவ மேல போடாத."

"ரெண்டாவது?"

"அது நான் குடுக்கல."

டெனிஸ் முழுவதையும் படித்துக் காட்டினாள், மெதுவாக. ஃப்ளோரிடா என்று வந்த இடத்தில் மட்டும் ரெய்னோ கையைத் தூக்கி, "அவ ரொம்ப நாளா வெயிலே பாக்கல. அதையும் சேத்துக்கோ," என்றார். டெனிஸ் சேர்த்துக்கொண்டாள். அடியில் அவர் தானே கையெழுத்துப் போட்டார். வளைந்த ஆணி போல இருந்தது அது.

வழக்கு பெரிதாக இழுக்கவில்லை. செப்டம்பரில் ஐலி குற்றத்தை ஒப்புக்கொண்டாள். ஜெயில் இல்லை. மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, நூறு மணி நேரம் ஊருக்கு வேலை, வங்கிக்கு மாதாமாதம் பணம் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது கார்டு ரெய்னோவின் பெயரிலிருந்து நீங்கியது. முதல் கார்டை அவர் ஒப்புக்கொண்டபடி கட்ட ஆரம்பித்தார். துருப்பிடித்த பிக்கப்பின் அடியில் ஒட்டுப்பலகை ஒன்றை வெட்டிப் பொருத்தி அதையே ஓட்டினார். ஐலி சொன்னதுபோலவே ஊராட்சி வேலை போயிற்று. தீர்ப்பு வரும்வரைகூட அவர்கள் பொறுக்கவில்லை. பதினேழு வருடம் இருந்த மேசையை ஒரு மத்தியானத்தில் காலி செய்தாள்.

அந்த வாரம் டுவேன் லாரிக் கொட்டகைக்கு வந்தான். நல்ல உயரம், பெரிய கைகள். ரெய்னோ லாரியின் தள்ளுபலகைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவ பேர எழுதாம விட்டிருக்கலாம் நீ."

"அவ என் பேர எழுதாம விட்டிருக்கலாமே."

"கூடப் பொறந்தவடா! பேங்க்காரன் உனக்கு மாமனா மச்சானா? அவனுக்காகத் தங்கச்சிய மாட்டி விட்டுட்ட."

"உனக்குத் தெரியுமா டுவேன், இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு?"

உலை வந்தபோது எப்படி வந்தது என்று அவன் கேட்டிருக்கவில்லை. ஃப்ளோரிடாவில் ஒரு வாரம் கடற்கரையில் படுத்திருந்தபோதும் கேட்டிருக்கவில்லை. எண்ணெய் டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனாலும் அடித்தளத்துக் காபிக்கு ரெய்னோ உட்கார்ந்தால் அந்த மேசையில் இடம் காலியாகவே இருக்கும். நாற்காலிக்குக் கைதட்டிய அதே ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்கள். இன்னும் சிலர் இரக்கப்பட்டார்கள். அது அதைவிட மோசமாக இருந்தது. வழக்கில் எல்லாம் வெளியே வந்துவிட்டதால் அவருக்குப் படிக்க வராது என்பது ஊருக்கே தெரியும். பாஸ்டர் பாட்டின் எண்ணைச் சொல்லும்போது அவர் இருந்த பக்கம் திரும்பி, செவிடருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது பாஸ்டர்," என்று ஒருநாள் ரெய்னோ வாசலில் சொன்ன பிறகுதான் அது நின்றது.

தபால் இப்போது அவருடைய வீட்டுப் பெட்டிக்கே வந்தது. மாதத்தின் பத்தாம் தேதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேவிஸிடம் போவார். கூலி வாங்க மாட்டேன் என்றாள். அதனால் ஏரியில் பிடித்துப் புகைபோட்ட மீன் ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுபோவார். அதை மட்டும் வாங்கிக்கொள்வாள்.

ஐலி அவரோடு பேசவில்லை. ஒரு குளிர்காலம் போயிற்று. அவள் வீட்டுச் சாலைக்கும் அவர்தான் பனி தள்ளினார். ஜன்னல் திரை அசையும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் ப்ளூபெர்ரி பறிக்கப் போனார். காட்டில் பெர்ரி விளையும் இடத்தை அங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கங்காஸ் குடும்பத்துக்கு என்று, பழைய காட்டுத்தீ எரித்த பாறை மேடு ஒன்று உண்டு. அம்மா காட்டிய இடம். டுவேனுக்குக்கூட ஐலி சொன்னதில்லை. ரெய்னோ மண்பாதையில் திரும்பியதும் அவளுடைய கார் நிற்பதைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிவிடலாமா என்று நினைத்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

அவள் குனிந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கரடின்னு நெனச்சேன்."

"கரடிக்கு இவ்வளவு மூச்சு வாங்காது," என்றார் ரெய்னோ.

பத்தடி தள்ளி மண்டியிட்டு அவரும் பறிக்க ஆரம்பித்தார். வாளியின் அடி மறையும்வரை இருவரும் பறித்தார்கள்.

"உன்னத் தினமும் வையறேன்," என்றாள் ஐலி. "பதினாறு மாசமா. ஒருநாள் விடல."

"தெரியும். டுவேன் சொன்னான்."

"டுவேனா? உன்கிட்ட பேசறானா?"

"பனி உருகினதுலேர்ந்து கொட்டகைக்கு வருவான். வண்டிக்கு ஆயில் மாத்த."

"அட திருட்டுப் பயலே! என்கிட்ட விறகு வெட்டப் போறேன்னான்." அவளுக்குக் கோபப்படவா சிரிக்கவா என்று தெரியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தின் சமையலறையில் இப்போது வேலை. அடுப்பருகே நின்று முகம் சிவந்திருந்தது. டுவேனைச் சுரங்கத்தில் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள், வாரத்தில் மூன்று நாளுக்கு.

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த மூணாவது விண்ணப்பம். கோர்ட்டுல யாரும் அதக் கேக்கவே இல்ல. கேப்பாங்க கேப்பாங்கன்னு உக்காந்திருந்தேன். நீ சொல்லலயா?"

"கெடைக்காத கார்டு. டெனிஸ் கேக்கல, நானும் சொல்லல."

ஐலி பறிப்பதை நிறுத்தினாள். கையில் இருந்த பெர்ரிகளைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டாவதுக்கு எழுதறப்ப கை நடுங்கிச்சு. மூணாவதுக்கு நடுங்கவே இல்ல. உன் பேர எழுதறப்ப எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லாத மாதிரி இருக்கும். கடன் இல்லாத மனுஷன், யாருக்கும் பயப்பட வேண்டாம். அப்படி ஒரு அஞ்சு நிமிஷம்."

ரெய்னோ ஒரு கிளையைத் தூக்கி அடியில் இருந்த பெர்ரிகளைப் பறித்தார்.

"நன்றி சொல்லுவேன்னு எதிர்பாக்காத," என்றாள்.

"எதிர்பாக்கல."

"வேலைய இன்னும் மறக்க முடியல. அந்த மேசை எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"தெரியும்," என்றார் அவர். "அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்துப் போயிற்று. ஐலி தன் வாளியைத் தூக்கி இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப யாரு படிக்கறா உனக்கு?"

"மேவிஸ்."

"அவ ரொம்ப வேகமாப் படிப்பாளே."

"ரயில் போற மாதிரி. பாதி புரியறதில்ல."

"மெதுவாப் படின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு மீனுக்கு அவ்வளவுதான் கெடைக்கும்."

ஐலி சிரித்துவிட்டாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். பிறகு மறுபடியும் சிரித்தாள். ரெய்னோ தலையைத் தூக்காமல் பறித்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருடைய தோள் குலுங்கியது.

வாளி நிறைந்ததும் அவள் முதலில் இறங்கினாள். அடுத்த ஞாயிறு சர்ச் அடித்தளத்தில் டுவேன் தன் காபியோடு வந்து ரெய்னோவின் மேசையில் உட்கார்ந்தான். ஐலி இரண்டு நிமிடம் தள்ளியே நின்றுவிட்டு அவளும் வந்தாள். பேசியதெல்லாம் மழையைப் பற்றியும் பாஸ்டரின் புதுக் காரைப் பற்றியும்தான்.

அவருடைய தாள்களைப் பார்க்கட்டுமா என்று அவள் அப்புறம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ரெய்னோ கொடுத்திருக்க மாட்டார். மேவிஸுக்குத்தான் மீன் போகிறது. முதல் கார்டின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு அறுபத்து நான்கு வயதில் அவர் லாரியிலிருந்து இறங்கினார். நினைத்ததைவிட இரண்டு வருடம் தள்ளி. ஆகஸ்டு வந்தால் அண்ணனும் தங்கையும் தனித்தனி வண்டியில் அந்தப் பாறை மேட்டுக்கு வருகிறார்கள். டுவேனுக்கு இன்னமும் அந்த இடத்தைச் சொல்லவில்லை.